நோரீனின் வண்டிக்கு ஒரு திமில்

சைகமோர் ஓடை, கென்டக்கி
மார்ச் 9, 1993

நோரீனுக்கு,

எப்போது போன் செய்தாலும் உன் அக்காதான் எடுக்கிறாள். நேற்று கடைசியாக ஜெனீவா சொல்லிவிட்டாள்: "அவ பேசமாட்டாளாம் ஆர்லிஸ். உன் குரலைக் கேட்டா சிரிச்சுடுவாளாம், சிரிச்சா கோபம் போயிடுமாம். அதனால சொல்ல வேண்டியதை எழுதி அனுப்பணுமாம்."

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனிடம் கடிதம் கேட்கிறாய். நிலக்கரி லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்து நாள் முழுக்க ஸ்பானர் பிடிப்பேன், கை வலித்ததில்லை. இந்தப் பேனாவைப் பிடித்து இரண்டு வரி எழுதுவதற்குள் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. உனக்குச் சந்தோஷமா?

வீட்டில் எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நானும் நாயும். அவரைப் பயறு வேகவைத்தேன். அடியில் பிடித்துவிட்டது. மேலே இருந்ததை நான் சாப்பிட்டேன், அடியில் இருந்ததை நாய்க்கு வைத்தேன். அது ஒரு தடவை முகர்ந்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறது. யார் வரவேண்டும் என்று பார்க்கிறதோ, நான் கேட்கவில்லை.

வண்டிச் செய்தி. பானெட்டின் நெளிசலைத் தட்டி எடுத்துவிட்டேன். ஆனால் புது எஞ்சின் தலையில் உட்கார்ந்திருக்கும் ஏர் ஃபில்டர் இன்னும் நாலு விரல் துருத்திக்கொண்டிருக்கிறது, மூட விடமாட்டேன் என்கிறது. அதனால் பானெட்டின் மேல் ஒரு திமில் கட்டப் போகிறேன். காளை மாட்டுக்கு இருக்குமே, அந்த மாதிரி. முன்பக்கம் வாய் திறந்து காற்றை உள்ளே வாங்கும். நம் பழைய வண்டிக்குப் பொருந்துகிற மாதிரி கடையில் கிடையாது, கொட்டகையில் வைத்து நானே செய்துவிடுவேன்.

மே கடைசியில் கல்லறை ஞாயிறு வருகிறது. கல்லறை மேட்டுக்குப் போய்ப் புல்லை வெட்டி, பூ வைத்து, அங்கேயே எல்லோரும் சாப்பிட வேண்டாமா? கிழவிகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அந்தச் செங்குத்தில் ஓட்ட உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? போன வருஷம் பாதி மேட்டில் எஞ்சின் மூச்சுவிட முடியாமல் நின்று, வெர்டி அத்தை இறங்கித் தள்ளினாளே. "என்னைப் புதைக்கிறதுக்குத்தான் இங்க கொண்டாரணும், அதுக்குள்ள ஏன்டா என்னைச் சாகடிக்கிறீங்க" என்றாளே. அதற்காகத்தான் பெரிய எஞ்சின் வைத்தேன். வேறு ஒன்றுக்கும் இல்லை.

உன்
ஆர்லிஸ்


டொலீடோ, ஒஹாயோ
மார்ச் 17

ஆர்லிஸ்,

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். நாய் வந்திருக்கிறது, பயறு வந்திருக்கிறது, வெர்டி அத்தை வந்திருக்கிறாள். நான் எதற்காக இங்கே இருக்கிறேன் என்பது மட்டும் வரவில்லை. நானே எழுதுகிறேன்.

அது என் வண்டி. தையல் தொழிற்சாலையில் சட்டைக் காலர் தைத்துத் தைத்து வாங்கியது. தொழிற்சாலையை மூடிய பிறகு எனக்கென்று மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். நான் உன் அம்மா வீட்டுக்குப் போயிருந்த வாரம் பார்த்து அதன் எஞ்சினைப் பிடுங்கிவிட்டு இன்னொன்றை வைத்தாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பானெட் மூடவில்லை என்றதும் கயிறு போட்டுக் கட்டி, "துணி காயப்போடவும் ஆச்சு" என்றாய்.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை கேட்கப் போன அன்று கயிறு அறுந்தது. பானெட் எழும்பி வந்து கண்ணாடியில் அறைந்தது. எதிரே ஒன்றும் தெரியவில்லை. நிலக்கரி லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே பக்கத்தில் போனது மட்டும் காதில் விழுந்தது. எப்படி வாய்க்கால் ஓரத்தில் நிறுத்தினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

யாரோ கொண்டுவந்து விட்டார்கள். வீட்டுக்குள் வந்தேன். நீ என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: "பானெட் பிழைச்சுதா?"

கொஞ்ச நாள் ஜெனீவா வீட்டில் இருக்கிறேன் என்று சொன்னபோது, "போறப்ப முட்டை எடுத்துட்டுப் போ, உங்கக்கா முட்டைகூட உடைக்கத் தெரியாதவ" என்றாய். பஸ் வரும்வரை நின்றேன். நீ வேறு ஏதாவது சொல்வாய் என்று நின்றேன். நீ முட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறேனா என்று கேட்டாய்.

திமிலாம். என்னவோ செய்துகொள்.

நோரீன்


சைகமோர் ஓடை
மார்ச் 28

நோரீனுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். படித்துவிட்டுக் கொட்டகைக்குப் போனேன். திரும்பி வந்து மறுபடி படித்தேன். அதற்குப் பதில் என்ன எழுதுவது என்று இன்னும் கைக்கு வரவில்லை. கைக்கு வருவதை எழுதுகிறேன்.

கோய் ராட்லிஃப் தேவாலயத்துக்கு வந்த புதுக் குளிர்பெட்டியின் தெர்மாகோல் கட்டையை எடுத்துவைத்திருந்தான். வண்டி நெளிசல் எடுத்துப் பெயின்ட் அடித்தே பிழைக்கிறவன் ஆயிற்றே, இந்த மாதிரி வேலைக்குத்தான் வைத்திருக்கிறான் என்று நினைத்து எடுத்துவந்தேன். அந்தக் கட்டையைத் திமில் மாதிரிச் செதுக்கி, அதன்மேல் ஃபைபர் துணி போட்டு ரெசின் பசை பூசினால் காய்ந்து கல்லாகிவிடும் என்பது என் கணக்கு. அவனிடம் கேட்டால் வித்தையைத் திருடுகிறேன் என்பான் என்று கேட்கவில்லை. சாயந்திரங்களில் உட்கார்ந்து உன் ரொட்டிக் கத்தியால் செதுக்கினேன். பார்க்க அவ்வளவு அழகு. நானே என் தோளில் தட்டிக்கொண்டேன்.

ரெசினைப் பூசினேன். பூசின இடம் உள்ளே போனது. சரி, பள்ளம் விழுந்திருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் பூசினேன். இன்னும் உள்ளே போனது. சீறுகிற சத்தம் வேறு. வெந்நீர் ஊற்றின சர்க்கரை மாதிரி என் திமில் என் கண் முன்னாலேயே கரைந்து, கடைசியில் ஒரு வாளிச் சளி மட்டும் மிச்சம். அந்த நேரம் பார்த்துக் கோய் வந்தான். எட்டிப் பார்த்தான். "அண்ணே, அந்த ரெசினு தெர்மாகோலத் தின்னுடும்ணே. சின்னப் புள்ளைக்கும் தெரியும்" என்றான். அப்புறம் உட்கார இடம் தேடிப்பிடித்து உட்கார்ந்து சிரித்தான். அவனால் நிற்க முடியவில்லை.

நோரீன், அன்றைக்கு நீ கதவைத் திறந்து வந்தபோது முதலில் உன் கால் இரண்டையும் பார்த்தேன். அப்புறம் கையை. அப்புறம் முகத்தை. எல்லாம் முழுசாக இருந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், நீ பார்த்திருக்கமாட்டாய். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது. திறந்தேன், அது வந்தது. என் வாய் எப்போதும் அப்படித்தான், எனக்கு முன்னால் ஓடிவிடுகிறது.

இதை எழுதவா வேண்டாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

ஆர்லிஸ்


டொலீடோ
ஏப்ரல் 6

ஆர்லிஸ்,

வாளிச் சளி என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். வேண்டுமென்று இல்லை. ஜெனீவா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "யாரு, அந்தக் கோமாளியா?" என்று கேட்டாள். இருமல் என்றேன்.

உன் கடைசிப் பத்தியைப் பற்றி இப்போது எழுதமாட்டேன். மடித்து வைத்திருக்கிறேன்.

இங்கே ஒரு கல்யாண உடுப்புக் கடையில் வேலை. கவுன்களைப் பிடித்துத் தைக்கிறேன், தளர்த்துகிறேன். மே, ஜூன் வரை மூச்சுவிட நேரம் இல்லை. கைக்கு வேலை இருப்பது நன்றாக இருக்கிறது. ஊர் தட்டையாக இருக்கிறது. சாயந்திரம் சூரியன் போகவே மாட்டேன் என்று நின்றுகொண்டிருக்கிறது. நம் ஊரில் மலை பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும். எனக்கு இன்னும் பழகவில்லை.

ரொட்டிக் கத்தியை நன்றாகக் கழுவு.

பானெட்டை எப்படியும் வெட்டித்தானே ஆகவேண்டும்? வெட்டுவதற்கு முன்னால் யாரைக் கேட்கப் போகிறாய் என்று பார்க்கிறேன்.

நோரீன்


சைகமோர் ஓடை
ஏப்ரல் 14

மகாராணிக்கு,

கத்தியைக் கழுவினேன். ஒட்டினது போகவில்லை. புதுக் கத்தி வாங்கினேன். பழையதைக் கேட்காதே.

இரண்டாவது திமில் தயார். இந்தத் தடவை கோயிடம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு செய்தேன். ஒட்டுப்பலகையில் விலா எலும்பு மாதிரி வெட்டி நிறுத்தி, அதன்மேல் துணியை இழுத்துக் கட்டி, துணிக்கு ரெசின் ஊட்டவேண்டும். கொஞ்சம் தடிமனான, இழுத்தால் நீளுகிற துணி வேண்டும் என்றான். வீடு முழுக்கத் தேடினேன். கட்டிலில் கிடந்த குளிர்காலக் கம்பளி விரிப்பு கண்ணில் பட்டது. கத்தாதே. பாதிதான் வெட்டினேன். அதுவும் என் பக்கத்துப் பாதி. உன் பக்கத்தைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். நான் இப்போது நாற்காலியில்தான் தூங்குகிறேன், அந்தக் கட்டில் ரொம்ப அகலமாக இருக்கிறது.

கம்பளி கல்லாகிவிட்டது. தட்டினால் டிங் என்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து என் கைரேகையே போய்விட்டது. ஒரு முழ உயரம், சிங்கம் வாயைப் பிளந்த மாதிரி முகம். ரோட்டில் போகிற லாரிக்காரன் எல்லாம் வேகத்தைக் குறைத்துப் பார்க்கிறான். கோய், "அண்ணே, அதுல ஒரு குடும்பம் குடியிருக்கலாம்ணே" என்றான். பொறாமை.

இனி பானெட்டை வெட்டவேண்டும். நேற்று கோடு போட்டேன். ரம்பத்தைக் கையில் எடுத்தேன். வெட்டிவிட்டேன் என்றால் அப்புறம் திரும்ப ஒட்டமுடியாது. ரம்பத்தைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தேன். அப்புறம் ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே வந்து பேனாவைத் தேடினேன்.

உன் வண்டி. வெட்டட்டுமா?

ஆர்லிஸ்


டொலீடோ
ஏப்ரல் 22

ஆர்லிஸ்,

கேட்டதற்கு நன்றி. வெட்டாதே.

ஒரு முழம் என்று எழுதியிருக்கிறாய். அதைச் சும்மா பானெட்டின் மேல் வைத்து, டேப் போட்டு ஒட்டு. சீட்டை என் இடத்துக்கு நகர்த்து. நான் உட்காருகிற மாதிரி உட்கார். முன்னால் என்ன தெரிகிறது என்று எழுது. வேறு எதுவும் எழுதவேண்டாம்.

நோரீன்


சைகமோர் ஓடை
ஏப்ரல் 29

நோரீன்,

சீட்டை நகர்த்த வேண்டியிருக்கவில்லை. நீ வைத்த இடத்திலேயே இருக்கிறது. இவ்வளவு நாளும் பானெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, முழங்கால் இரண்டும் காதைத் தொட அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பெட்ரோல் பங்க்கில், "ஆர்லிஸ், வெட்டுக்கிளி மாதிரி இருக்கே" என்றான் ஒருத்தன். இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன்.

உன் கண் எந்த உயரத்தில் இருக்கும் என்று தெரியவில்லை. நடுக் கண்ணாடியும் நீ வைத்த கோணத்தில்தான் இருக்கிறது. அதில் பின்னால் ரோடு தெரியும்வரை சரிந்து சரிந்து உட்கார்ந்தேன். முதுகு மடங்கி, தாடை நெஞ்சைத் தொட்ட இடத்தில் ரோடு தெரிந்தது. அப்போது தலையைத் திருப்பி முன்னால் பார்த்தேன்.

திமில் தெரிந்தது. அதற்கு மேல் வானம். வேறு ஒன்றும் இல்லை.

அந்தக் கல்லறை மேட்டு வளைவை நினைத்தேன். இடது பக்கம் பள்ளம். பின்னால் அத்தனை கிழவிகள், மடியில் பூவும் சாப்பாட்டுப் பாத்திரமும். உன் கையில் ஸ்டியரிங். ஒன்றும் தெரியாமல் நீ ஏறியிருப்பாய். எல்லாம் உனக்காக என்று சொல்லிச் சொல்லித்தான் கட்டினேன், நோரீன். என் கண்ணுக்குக் கட்டியிருக்கிறேன்.

உன் உயரத்திலிருந்து பார்த்தால் இந்த வண்டியே வேறு மாதிரி இருக்கிறது. கதவு உயரம். மற்ற வண்டிகள் எல்லாம் மேலே வந்து விழுகிற மாதிரி இருக்கிறது. கயிறு அறுந்த அன்று உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்கு நீ சொன்னபோது தெரியவில்லை. எழுதினபோதும் பாதிதான் தெரிந்தது.

சுத்தியலால் உடைத்துவிட்டேன். கோய் தடுத்தான், கேட்கவில்லை.

அது எப்படி இருக்கவேண்டும், நீ சொல்.

ஆர்லிஸ்


டொலீடோ
மே 7

ஆர்லிஸ்,

இத்துடன் வருகிற பழுப்புத்தாள் மளிகைப் பையில் வெட்டியது. கவுனுக்கு மார்புத்துண்டு வெட்டுகிற மாதிரிதான் வெட்டியிருக்கிறேன். கிழித்துவிடாதே. நடுத்துண்டு, இடதுதுண்டு, வலதுதுண்டு என்று எழுதியிருக்கிறேன். அம்புக்குறி இருக்கிற பக்கம் முன்னால்.

உயரம் நாலு விரலுக்கு மேல் போகக்கூடாது. அகலமாக இருக்கட்டும். ஓட்டுகிறவர் பக்கம் சரிந்து இறங்கவேண்டும், அதனால்தான் இடதுதுண்டு ஒல்லியாக இருக்கிறது, நான் தப்பாக வெட்டிவிட்டேன் என்று நீ சரிசெய்யாதே. ஜெனீவாவின் வீட்டுக்காரர் கார் தொழிற்சாலையில்தானே இருக்கிறார். "இதைவிடத் தட்டையான ஃபில்டர் கிடைக்குமே, அந்த மனுஷன் ஏன் கோபுரம் கட்டுறான்" என்றார். கடையில் கேள், வாங்கிப் போடு.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மேஜையைத் துடைத்துவிட்டுத் தாளை விரித்து வெட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு, என் வண்டிப் பானெட் முன்னால் இருக்கிற மாதிரி நினைத்துக் கையால் தடவிப் பார்த்தேன். ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் மேடு எங்கே ஆரம்பிக்கும், எங்கே முடியும், எல்லாம் கைக்கு நினைவிருக்கிறது. வேறு சிலதும் நினைவிருக்கிறது. அதையெல்லாம் எழுதப் போவதில்லை.

கல்லறை ஞாயிறுக்கு வருவாயா என்று கேட்காதே. கேட்டால் இல்லை என்று சொல்லவேண்டியிருக்கும் என்று பயமாக இருக்கிறது.

என் பானெட். நான் சொல்கிறேன். வெட்டு.

நோரீன்


சைகமோர் ஓடை
மே 17

நோரீன்,

வெட்டினேன். ஒட்டினேன். ரிவெட் அடித்தேன். பட்டி பூசித் தேய்த்தேன். பானெட் மூடிவிட்டது. கொக்கி விழுந்த சத்தத்தைக் கேட்டு நாய் எழுந்து நின்றது.

உன் தாளைச் சொத்து ஆவணம் மாதிரிப் பத்திரமாக வைத்து அப்படியே வெட்டினேன். ஒல்லியான இடதுதுண்டைப் பார்த்துக் கோய், "அண்ணே, இது கோணலா இருக்கேண்ணே" என்றான். "உன் வாய்தான் கோணல், மூடு" என்றேன். பொருத்தியதும் சுற்றிச் சுற்றி வந்தான். அப்புறம் இந்த டிசைன் யாருடையது, தனக்கு ஒன்று வெட்டித் தருவார்களா என்றான். டொலீடோவில் பெரிய இடம், உனக்கெல்லாம் கிடைக்காது என்றேன்.

கண்ணாடியில் ரோடு தெரியும்வரை சரிந்து உட்கார்ந்து முன்னால் பார்த்தேன். மேட்டு அடிவாரம் வரை போய்ப் பார்த்தேன். ரோடு தெரிகிறது. பள்ளத்து ஓரம் தெரிகிறது. கல்லறை வேலி வரைக்கும் தெரிகிறது. மேலே ஏற்றிப் பார்க்கவில்லை. அது உன் வேலை.

பெயின்ட் அடிக்கவில்லை, சாம்பல் பூச்சோடு நிற்கிறது. நிறம் நீ சொல்.

இனி நேராகப் பேசுகிறேன். எனக்கு இது வராது, பொறுத்துக்கொள்.

பஸ் நிற்கிற இடத்தில் நீ நின்றாயே, அப்போது என் வாயில் ஒரு வார்த்தை இருந்தது. போகாதே என்பது. முட்டையைப் பற்றிச் சொன்னேன். இப்போது போகாதே என்று சொல்லமுடியாது, நீ போய்விட்டாய். அதனால் வா என்கிறேன். கிழவிகளை ஏற்றிக்கொண்டு போக ஆள் வேண்டும் என்பதற்காக இல்லை, அதற்குக் கோயின் டிராக்டர் இருக்கிறது. எனக்கு நீ வேண்டும். சமையலறை விளக்கைப் போட்டதும் நீ நிற்கிற பக்கம் திரும்பி ஏதாவது சொல்ல ஆரம்பித்துவிடுகிறேன், பாதியில் நிறுத்துகிறேன். இதுதான் விஷயம்.

வியாழக்கிழமை வண்டியை ஓட்டிக்கொண்டு வருகிறேன். அது உன்னுடையது, உன்னிடம் இருக்கட்டும். சாவியைக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் திரும்பிவிடுவேன். உட்காரச் சொல்லவேண்டியதில்லை. நீ அங்கேயே இருந்தாலும் வண்டி உன்னுடையதுதான்.

ஆர்லிஸ்


டொலீடோ
மே 25

ஆர்லிஸ்,

நீ வந்துபோனதிலிருந்து ஜெனீவா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்: "அவனுக்கு உடம்பு சரியில்லையா? ஆப்பிள் பலகாரத்தை நான் கருக்கிட்டேன், அதுக்குக்கூட ஒண்ணும் சொல்லலையே." நீ மேஜையில் கைகளை வைத்துக்கொண்டு, காப்பியைக் குடித்து, சாவியை வைத்துவிட்டு, இருக்கிறதில் நல்ல சட்டையோடு எழுந்து நின்றாய். ஒரு கேலி இல்லை. நேராகப் பேசு, நேராகப் பேசு என்று எத்தனை வருஷம் உன்னிடம் சண்டை போட்டிருப்பேன். நீ நேராக உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

பஸ் நிறுத்தத்துக்கு நடந்து வந்தோமே, வழி முழுக்க, இன்னைக்கு ஒரு நாள் இருந்துட்டுப் போயேன் என்று வாய்வரை வந்தது. சொன்னது என்ன தெரியுமா? "சட்டைக் காலர் கிழிஞ்சிருக்கு." சொல்லிவிட்டு எனக்கே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த நேரத்தில் ஒரு வார்த்தை எவ்வளவு கனம் என்று தெரிந்துகொண்டேன். பஸ் போன பிறகும் நின்றுகொண்டிருந்தேன்.

அன்று சாயந்திரம் வண்டியில் போய் உட்கார்ந்தேன். எதையும் நகர்த்தவேண்டியிருக்கவில்லை. பானெட்டுக்கு அந்தப் பக்கம் தெரு தெரிந்தது, தெருமுனை தெரிந்தது, சைக்கிளில் வந்த ஒருத்தி தெரிந்தாள். இடது பக்கச் சரிவு நான் நினைத்ததைவிட நன்றாக வந்திருக்கிறது. இறங்கி அதன்மேல் கையை வைத்துப் பார்த்தேன். ரொம்பத் தேய்த்திருக்கிறாய்.

கடைக்காரம்மாவிடம் சொல்லிவிட்டேன். கையில் இருக்கிற கவுனை வெள்ளிக்கிழமை முடித்துக் கொடுத்துவிடுவேன். "கல்யாண சீசன்ல விட்டுட்டுப் போறியேம்மா" என்று புலம்பினாள். என் வீட்டுக்காரர் தனியாக இருக்கிறார் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

சனிக்கிழமை கிளம்புகிறேன். இந்தக் கடிதம் முன்னால் வருமோ, நான் முன்னால் வருவேனோ தெரியாது. வெர்டி அத்தையிடம் ஞாயிற்றுக்கிழமை காலையில் தயாராக இருக்கச் சொல். நிறத்தை வந்து பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு விஷயம். நேற்று பெரிய ரோட்டில் எடுத்துக்கொண்டு போனேன். வேகம் ஏறினதும் திமிலின் இடது ஓரத்தில், பின்பக்க ரிவெட் பக்கமாக, ஒரு சத்தம் வருகிறது. விசில் என்று சொல்லமுடியாது. முணுமுணுப்பும் இல்லை. மெதுவாகப் போனால் நின்றுவிடுகிறது. எழுதிப் பார்த்தேன், இரண்டு மூன்று தடவை அடித்துவிட்டு எழுதினேன், சரியாக வரவில்லை. அது எழுத்தில் வராது ஆர்லிஸ். நான் ஓட்டும்போது நீ பக்கத்தில் உட்கார்ந்து கேட்கவேண்டும்.

நோரீன்